எங்கள் ஓடைக்குப் பாதிப் பணம் அரசு போட்டது: நமக்கு நாமே திட்டத்தில் மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, ஓடை வேலைக்கு அரசாங்கத்துல பாதிப் பணம் வாங்கினீங்களாமே, அது எப்படிங்க? நம்பி இறங்கலாமா?" பாலக்கோட்டிலிருந்து இரண்டு பேர், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பால் சொசைட்டிக்காரர், காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் மகள். போனில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். மிக்ஸி வாங்கினால் எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறோம். ஓட்டலில் சாப்பிட்டால் எழுதுகிறோம். வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவையில் கைப்பணமும் போட்டுப் பார்த்தவர்கள் மட்டும் எழுதுவதே இல்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்கலாம். ஆனால் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். எங்களுக்கு அது பாதி வேலை முடிந்த பிறகுதான் புரிந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். 26 வருடமாக வீடு வீடாகப் போய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) பணம் வாங்கி அஞ்சலகத்தில் கட்டுகிறேன். தெருவில் எல்லோருக்கும் நான் ஆர்.டி. அக்கா. ஊர் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பெயரை எழுதவில்லை. யாரையும் சுட்டிக்காட்ட இதை எழுதவில்லை, திட்டம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஓடை பெரிய ஏரியின் கோடியிலிருந்து (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) புறப்பட்டு, எங்கள் தெருவுக்குப் பின்பக்கமாக ஊரைக் கடந்து, கீழே இன்னொரு ஏரிக்குப் போகிறது. ஊருக்குள் ஓடும் நீளம் 340 மீட்டர். நான் கல்யாணமாகி வந்த வருடம் ஏரி கோடி போனது. மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு போய் கோடித் தண்ணீருக்கு மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிடச் சொன்னார். பையன்கள் வேட்டித் துணியை விரித்து அயிரை பிடித்தார்கள். அதற்குப் பிறகு நான் கண்முன் பார்த்தது, ஒவ்வொரு வருடமும் ஓடை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப் போனதைத்தான். சீமைக்கருவேலம் வந்தது. கோழிக்கடைக் கழிவு வந்தது. வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எல்லாம் அதில் திரும்பியது. பாதை போடுகிறோம் என்று யாரோ இரண்டு சின்ன சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணை மூடினார்கள். 2021 நவம்பர் மழையில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது. இரவு பதினொரு மணிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்தது. என் வாடிக்கையாளர் ஒரு அம்மா, பாஸ்புக்கையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்றிருந்தார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

நமக்கு நாமே திட்டம் புதிதல்ல. 1997 வாக்கிலேயே வந்தது, நடுவில் வேறு பெயரில் இருந்தது, 2021-ல் மறுபடி அதே பெயரில் வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று என்பது பொதுவான விதி. எங்கள் தெருவில் பாதி போடுவதாக முடிவு செய்தோம். பாதி நம் பணம் என்றால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று பேசுவதற்கு ஒரு பலம் இருக்கும் என்று எங்கள் ஊர் ரைஸ் மில்காரர் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எஸ்டிமேட் போடும்போது தெரிந்தது.

பணத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. ஓடை யாருடையது? இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏரி என்றால் கணக்கு சுலபம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் ஓடும் ஓடைக்கு அப்படி ஒரு தெளிவான சொந்தக்காரர் கிடையாது. நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் 'ஓடை புறம்போக்கு' என்று இருக்கும். குப்பை எடுப்பது பேரூராட்சி. மேலே இருக்கும் ஏரி ஒரு துறை, கீழே இருக்கும் ஏரி இன்னொரு துறை, நடுவில் குறுக்கே போகும் ரோடு வேறொரு துறை. நாங்கள் முதல் மனுவை ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்து, இது எங்களுடையது அல்ல என்று பதில் வந்தது. அவர்கள் காட்டிய அலுவலகம் எங்களை மறுபடி முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. இப்படியே 2022-ல் நான்கு மாதம் போய்விட்டது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு தாள்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (எந்த நிலம் யாருடையது என்ற கணக்கு) நகலும், நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும் வாங்கினோம். புலப்படத்தில் ஓடையின் அகலம் மேல்பக்கம் 7 மீட்டர், கீழ்ப்பக்கம் 9 மீட்டர். டேப் பிடித்து நாங்களே அளந்தால் சில இடத்தில் 3 மீட்டர்கூட இல்லை. அந்த நகலை மனுவோடு வைத்துக் கொடுத்த பிறகு யாரும் "இது சாக்கடைதானே" என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் போக வேண்டிய இடம் கிராம நிர்வாக அலுவலகம்தான். மனுவை அப்புறம் எழுதலாம்.

அளந்தால் ஆக்கிரமிப்பு தெரியும். நான்கு குளியலறை, ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு கடையின் பின்சுவர். ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. புறம்போக்குக்கு 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஏழாம் பிரிவில் நோட்டீஸ், ஆறாம் பிரிவில் அகற்றுதல். நோட்டீஸ் போனால் தெருவே இரண்டாகப் பிரியும் என்று எனக்குப் பயம். அந்த நான்கு வீட்டிலும் எனக்கு ஆர்.டி. கணக்கு இருக்கிறது, அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு பாட்டி, "குளிக்கிறதுக்கு நான் எங்க கண்ணு போவேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் திட்டத்துக்கு வெளியே தனியாக 38,000 ரூபாய் வசூல் செய்து, இரண்டு வீட்டுக்கு முன்பக்கம் குளியலறை கட்டிக் கொடுத்தோம். மற்ற இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களே பின்வாங்கிக் கட்டினார்கள். கடைக்காரருக்கு மட்டும் நோட்டீஸ் போனது. இந்த 38,000 ரூபாய்க்கு எந்தத் திட்டத்திலும் இடம் இல்லை. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் பொக்லைன் ஓடைக்குள் இறங்கியிருக்க முடியாது.

வசூல் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எஸ்டிமேட் 6,40,000. எங்கள் பங்கு 3,20,000. வீட்டுக்கு ஆயிரம் என்று வைத்தோம், 143 வீட்டில் 126 வீடு கொடுத்தது. ரைஸ் மில் 40,000, கல்யாண மண்டபம் 30,000, புளி மண்டி 25,000. 19 கடைகள் ஆளுக்கு 1,500. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் சேர்ந்து 62,000 அனுப்பினார்கள். 8,500 குறைந்தது, அதை மாரியம்மன் பண்டிகைக் கணக்கின் மீதியிலிருந்து கொடுத்தார்கள். ஆயிரத்தை ஒரேயடியாகக் கொடுக்க முடியாதவர்களிடம் மாதம் நூறாகப் பத்து மாதம் வாங்கினேன். கார்டு போட்டு, ஒவ்வொரு நூறுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணம் கொடுத்தவர்கள் ஓடையை அதற்குப் பிறகு பார்த்த பார்வையே வேறு. நூறு ரூபாய் கார்டு வைத்திருக்கும் ஒரு பெண், குப்பைப் பையோடு ஓடைப் பக்கம் போன தன் வீட்டுக்காரரையே திருப்பி அனுப்பினாள். திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். முழுப் பணமும் அரசு போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது எஸ்டிமேட். இங்கேதான் எங்கள் ஓடை பிழைத்தது.

முதலில் வந்த வரைபடத்தில் 340 மீட்டருக்கும் 'யூ' வடிவ கான்கிரீட் கால்வாய். அடியும் கான்கிரீட், இரண்டு பக்கமும் கான்கிரீட், அகலம் ஒன்றரை மீட்டர். 7 மீட்டர் ஓடை ஒன்றரை மீட்டர் சாக்கடை ஆகிவிடும். மீதி நிலம் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். நான் எதிர்த்தேன். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, மண்ணை அள்ளிட்டு அளவு எழுதினா, அடுத்த மழையில அது மூடிக்கும். ஆடிட்ல எங்கே வேலைன்னு கேட்டா நான் எதைக் காட்டுறது? கான்கிரீட்னா கண்ணுக்குத் தெரியும்." அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எம்-புக்கில் (வேலை அளவைப் பதியும் புத்தகம்) எழுதி, அளந்து, பில் போடக்கூடிய வேலைக்குத்தான் பணம். தோண்டிய மண் அடுத்த நாள் இருக்காது. சிமெண்ட் இருக்கும்.

எங்கள் ஓடைக்கு முப்பது அடி தள்ளி ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. ஓடையில் நல்ல தண்ணீர் ஓடிய காலத்தில் அதில் மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. நம் மாவட்டத்தில் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு. பல் கறைபட்ட பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தான் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று அவ்வளவு தூரத்திலிருந்து காவிரியைக் கொண்டுவந்த மாவட்டத்தில், மழைத் தண்ணீர் இறங்குகிற ஒரே இடத்துக்கும் அடியில் சிமெண்ட் போடலாமா? இதைத்தான் கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன். கான்கிரீட்டில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும். கீழ்த்தெரு மேட்டில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. நம் வீட்டுத் தண்ணீரை அவர்கள் வீட்டுக்குள் தள்ளிவிட்டா நாம் தப்பிப்பது?

மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: அடி மண்ணாகவே இருக்கும். கரை அரிக்கும் வளைவில் மட்டும் 30 மீட்டருக்குக் கல் பதிப்பது. கல்லுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா என்ன. அடைத்துக்கொண்ட குழாய்களை எடுத்துவிட்டு 3 மீட்டர் அகலத்தில் ஒரு சிறுபாலம். மீதிப் பணத்துக்கு 340 மீட்டரும் தூர்வாருதல். ஆடிட் கவலைக்கு ஒரு வழியைத் தெருப் பையன் ஒருவன் சொன்னான். சிவில் டிப்ளமா படித்தவன். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் எல்லோர் முன்னிலையில் லெவல் எடுப்பது, அதே இடத்தில் அளவுகோலை நட்டுப் போட்டோ எடுப்பது, பணம் கொடுத்த ஐந்து பேர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது. பொறியாளருக்கு அது பிடித்துவிட்டது. எங்கள் கையெழுத்தே அவருக்கு ஆதாரமாயிற்று. பாதி போட்டால் பேசலாம் என்று மில்காரர் சொன்னாரே, அந்தப் பலம் இந்த இடத்தில் வேலை செய்தது.

மரம், வெட்டிவேர், நாணல் எதற்கும் அந்த எஸ்டிமேட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. கேட்டேன். பொறியாளர் விலைப்பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். மண்வேலைக்கு விலை இருக்கிறது, கல்லுக்கு, கம்பிக்கு, சிமெண்டுக்கு விலை இருக்கிறது. வெட்டிவேர் நடுவதற்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. நாங்களே நட்டுக்கொண்டோம்.

வேலை 2023 மே மாதம் நடந்தது. ஒப்பந்தக்காரர் பரவாயில்லை. முதல் நாள் மண்ணை வாரிக் கரையிலேயே கொட்டினார். அப்படிக் கொட்டினால் ஒரே மழையில் திரும்ப உள்ளே போய்விடும் என்று பெண்கள் போய் நின்றோம், மறுநாளிலிருந்து டிராக்டர் வந்தது. ஏரி வண்டல் என்றால் விவசாயிகள் கேட்டு வாங்குவார்கள், அதற்கு அனுமதி வாங்கவும் இப்போது தாசில்தார் அளவிலேயே முடிகிறது. எங்கள் ஓடை மண்ணில் பாதி பாலித்தீன், டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம். யாரும் வாங்கவில்லை. அதை எங்கே கொட்டுவது என்பது எஸ்டிமேட்டில் யோசிக்காத விஷயம். ஒன்பது டிராக்டர் லோடு மூன்று நாள் பள்ளி மைதானத்து ஓரத்தில் நாறிக்கொண்டு கிடந்தது. நீங்கள் தொடங்கும் முன்னால் கொட்டும் இடத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து பன்னிரண்டு நாளில் ஒரு கோடை மழை பெய்தது. ஓடையில் தண்ணீர் ஓடியது. சத்தம் கேட்டுப் பின்வாசல்களைத் திறந்து எல்லோரும் நின்று பார்த்தோம். நான் கல்யாணமாகி வந்த வருடம் கேட்ட அதே சத்தம். அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

உண்மையான பரீட்சை 2024 டிசம்பரில் வந்தது. ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தீர்கள். எங்களுக்கு அந்த அளவு மழை இல்லை, ஆனால் இரவு முழுக்க நிற்காமல் பெய்தது. ஏரி கோடி போனது. புதுச் சிறுபாலத்தின் அடியில் தண்ணீர் தாராளமாகப் போனது. கல் பதித்த வளைவு அசையவில்லை. மண் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. 2021-ல் நாற்பதுக்கு மேல் வீடு. இந்த முறை ஆறு வீடு. அந்த ஆறு வீடும் கீழ்க்கோடியில், ரோட்டுக்கு அருகில். ஏனென்றால் அந்த ரோட்டுக்கு அடியில் இருக்கும் பழைய குழாய் அப்படியே இருக்கிறது. ரோடு வேறொரு துறையுடையது, எங்கள் எஸ்டிமேட்டில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேலே 7 மீட்டர் திறந்துவிட்டு, கீழே இரண்டு குழாயில் கொண்டுபோய் முடித்தால் தண்ணீர் எங்கே போகும்? அந்த ஆறு வீட்டுக்காரர்களும் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள். அடுத்த நாள் அவர்கள் வீட்டுச் சேற்றை வாரும்போது என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நகரத்து ஓடைக்கு அரசிடம் பணமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இந்த மூன்று வருடத்தில் தெரிந்துகொண்டவரை பணம் பல பானையில் இருக்கிறது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு ஐந்து வருடத்துக்கு என்று இரண்டு திட்டம் தொடங்கியது. ஒன்று அம்ருத் 2.0 என்ற நகரக் குடிநீர்த் திட்டம், அதில் நீர்நிலைகளைப் புதுப்பிக்கப் பணம் உண்டு. ஒரு லட்சம் பேருக்குக் குறைவான ஊர் என்றால் பாதியை மத்திய அரசு தரும். 2011 கணக்குப்படி தர்மபுரி நகரம், கிருஷ்ணகிரி நகரம் இரண்டுமே லட்சத்துக்குக் குறைவுதான். இன்னொன்று தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். சின்ன ஊர்களில் கழிவுநீரை வழிமறித்துச் சுத்திகரிப்பதற்குப் பணம் அதில் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2026 வரைக்கும் உள்ளாட்சிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்புக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று விதி. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி. கிரானைட் குவாரி இருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் குவாரிக்காரர்கள் கட்டும் பணத்தில் கனிம அறக்கட்டளை நிதி உண்டு, அதில் சுற்றுச்சூழலும் குடிநீரும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன.

சரி, அப்படியென்றால் என்ன குறை? தூர்வாருவது ஒரு பானை, சாக்கடை நீர் வராமல் தடுப்பது இன்னொரு பானை, பாலம் மூன்றாவது பானை. ஓடை ஒன்றுதான். சாக்கடையை நிறுத்தாமல் தூர்வாரினால் ஆறு மாதத்தில் கறுப்புச் சேறு திரும்ப வந்துவிடும், எங்களுக்கு வந்தது. மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கும் ஆள் மாவட்டத்தில் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. தர்மபுரி ஊருக்குள் போகும் சனத்குமார நதிக்கே அப்படி ஒன்று வேண்டும். எங்கள் பேர் தெரியாத ஓடைக்கு ஒரு தனி அதிகாரி வேண்டும் என்று கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு மேசை, அதில் இந்தப் பானைகளையெல்லாம் தெரிந்த ஒருவர். அதுவே போதும்.

என் தம்பி மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே பெர்க்லி என்ற ஊரில், பழைய ரயில் யார்டுக்கு அடியில் குழாயில் புதைத்து வைத்திருந்த ஸ்ட்ராபெர்ரி ஓடையை 1984-லேயே தோண்டித் திறந்து, பூங்காவாக்கி இருக்கிறார்கள். போட்டோ அனுப்பினாள். திறந்தது சுமார் 60 மீட்டர்தான், எங்களுடையதைவிடச் சின்னது. அந்த மாநிலத்தில் எண்பதுகளிலிருந்து நகர ஓடைகளுக்கென்றே ஒரு நிதித் திட்டம் இருக்கிறதாம். அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது: உள்ளாட்சியும் ஊர் மக்கள் அமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் செல்லும். ஒருவர் மட்டும் போட்டால் செல்லாது. நம் திட்டத்தில் மக்களிடம் பணம் வாங்குகிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். வரைபடத்தில் எங்கள் கையெழுத்தைக் கேட்கவில்லை, நாங்களாகப் போய்ப் போட்டோம். ஒரு கூட்டத்தில் இன்னொருவர் சியோல் நகரத்து ஓடைப் படத்தைக் காட்டி, இந்த மாதிரி பண்ணலாம் என்றார். மேம்பாலத்தை இடித்து 2005-ல் திறந்த ஓடை, 5.8 கிலோமீட்டர், அழகுதான். ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் மோட்டார் வைத்து ஆற்றிலிருந்து இறைத்து விடும் தண்ணீர். நமக்கு அது வேண்டாம். ஏரி கோடி போனால் அதுவாக ஓட வேண்டும், ஓடாத மாதத்தில் மண் காய்ந்து கிடக்கட்டும், தப்பில்லை.

கவுண்டரில் நடத்திய விதம் பற்றிக் கேட்கிறீர்கள். பணம் கட்டும் வரை அலைச்சல் அதிகம். டி.டி. எடுத்த பிறகு மரியாதை கூடியது. ரசீது அன்றைக்கே கொடுத்தார்கள். வேலை உத்தரவு வர ஏழு வாரம். அளவெடுத்த தாளின் நகலைக் கேட்டபோது ஒருவர் தயங்கினார், அவருக்கு மேலே இருந்த அம்மா உடனே கொடுக்கச் சொன்னார். யாரும் எங்களிடம் ஒரு ரூபாய் தனியாகக் கேட்கவில்லை. இதை நான் கட்டாயம் எழுத வேண்டும்.

பெரிய குறை பராமரிப்பு. திட்டம் ஒரு முறை வேலைக்குத்தான். அடுத்த வருடம் கோரையும் சம்பும் முளைக்கும், சரிந்த கரையைக் கட்ட வேண்டும், பாலத்தடியில் சேரும் குப்பையை எடுக்க வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வருடம் இருபதாயிரம் இருந்தால் எங்கள் 340 மீட்டர் சுத்தமாக இருக்கும். 3,20,000 தருகிற அரசுக்கு அந்த இருபதாயிரத்தைத் தரத் தலைப்பு இல்லை. மூன்று வருடம் விட்டுவிட்டால் மறுபடி ஆறு லட்சத்துக்கு எஸ்டிமேட் போட வேண்டியதுதான். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வந்து மேல்பக்கம் திறந்துவிட்டுப் போகிறது. இரண்டு முறை நம்பர் எடுத்துக் கொடுத்தோம், அப்புறம் கொஞ்ச நாள் நின்றது, இப்போது மறுபடி வருகிறது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. மக்களைப் பணம் போட வைத்து உரிமை உணர்ச்சியைக் கொண்டுவந்ததற்கு முழு மார்க். வேலைத் தரம் நன்று. துறைகளுக்கு நடுவே எங்களை விட்டதற்கும், செடிக்கும் பராமரிப்புக்கும் இடமே வைக்காததற்கும் ஒன்றரை குறைத்திருக்கிறேன். கீழ்க்கோடி ரோட்டுக் குழாயைப் பாலமாக்கினால் இன்னும் அரை மார்க் கூட்டிப் போடுவேன். அதற்கு 2025 ஜனவரியில் புயல் போட்டோக்களோடு மனு கொடுத்திருக்கிறோம்.

பராமரிப்புக்கு நாங்கள் செய்வதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம். முதலில் ஆர்.டி. போடலாம் என்று நினைத்தேன், ஆனால் அது ஐந்து வருடம், இந்த வருடக் கோரைக்கு உதவாது. அதனால் அஞ்சலகத்தில் இரண்டு பேர் பெயரில் சேமிப்புக் கணக்கு. வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய், பழைய கார்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன். இப்போது 91 வீடு கொடுக்கிறது. கீழ்க்கோடியின் ஆறு வீட்டில் நான்கு வீடும் அதில் இருக்கின்றன. புரட்டாசி கடைசி வாரத்துக்கு இரண்டு ஆள், ஒரு டிராக்டர் சொல்லியாயிற்று. பாலத்தடியில் இறங்கி வாரும் ஆளுக்கு கம்பூட்ஸும் கையுறையும் போன வாரம் தர்மபுரி கடைவீதியில் வாங்கி வந்தேன், 640 ரூபாய், பில் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கிறது.